எட்டு மணித்தியாலம், ஓர் அட்டமி

ஜனவரி 31, புதன்

காலையில் கடும் பனி. கிணற்றடியில் நின்றால் எதிர் வேலி தெரியவில்லை. விஞ்ஞானப் பயிற்சி முடிந்தது. ஆங்கிலக் கட்டுரை மிச்சம்.

லண்டன் மாமி, அதாவது அப்பாவின் அக்கா, வந்து மூன்று கிழமை. (இனி ல.மா. என்று எழுதுகிறேன். கை நோகிறது.) இன்றுதான் பெரிய பெட்டியின் அடியிலிருந்து அந்தச் சாமானை வெளியே எடுத்தார். மின்சாரச் சட்டி. வெளியே கறுப்புத் தகரம், உள்ளே பீங்கான் மாதிரிக் கனத்த பாத்திரம், மேலே கண்ணாடி மூடி. ஒரேயொரு குமிழ். மூன்று நிலை: குறைவு, கூட, சூட்டில் வை. பெயர் ஸ்லோ குக்கர். இறைச்சியை வைத்து மூடிவிட்டு வேலைக்குப் போய் வந்தால் அவிந்திருக்குமாம். எட்டு மணித்தியாலம்.

மெதுவாக, ஆறுதலாகச் சமைக்க ஒரு மெசினோ என்று அப்பா கேட்டார். ல.மா. அதைக் காதில் வாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் திரும்பிப் போகிறார். அதற்கு முன் தம்பிக்குப் பன்றித் தோள் வைத்துக் கொடுக்க வேண்டுமாம். எலும்பைப் பிடித்து இழுத்தால் வெறும் எலும்பு மட்டும் கையோடு வருமாம்.

பிரச்சினைகள்:
1. பிளக். அதற்குச் சதுரக் கால் மூன்று. எங்கள் வீட்டுச் சுவரில் வட்ட ஓட்டை.
2. அம்மா.

இரண்டாவதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக விளங்கும். அம்மா புத்தூர். சைவக் குடும்பம். அப்பாவை விரும்பிக் கட்டிப் பண்டத்தரிப்புக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு தேவாலய ஆராதனைக்கு வருகிறார். பாட்டெல்லாம் பாடம். ஆனால் பன்றி சமைப்பதில்லை. அது அப்பாவின் வேலை. வீட்டுக்குப் பின்னால் இறக்கிய சாய்ப்பில், அதாவது பின்பத்தியில், தனி அடுப்பு, தனிச் சட்டி, தனி அகப்பை. அந்தச் சட்டி குசினிக்குள் வந்ததை நான் கண்டதில்லை. யாரும் சட்டம் போடவில்லை. அப்படித்தான் இருக்கிறது.

அம்மாவின் அண்ணை, என் மாமா, பதினேழு வருடமாக எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எனக்கு வயது பதினைந்து. படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன். போன கிழமை சுன்னாகம் சந்தையில் புத்தூர்ப் பெண் ஒருவர் அம்மாவுக்குச் சொன்னாராம்: மாமாவின் மகளுக்கு மாசியில் கலியாணம், அழைப்புக் காட் அடித்தாயிற்று, தங்கச்சி வீட்டுக் காட்டை என் கையால் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று மாமா சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து முற்றம் நாளுக்கு இரண்டு தரம் கூட்டப்படுகிறது. புதுத் தட்டு ஒன்று, புதுத் தம்ளர் நான்கு, ஒட்டிய பேப்பர் கழற்றாமல் அலுமாரியில்.

என்றைக்கு வருவார் என்று ஒருவருக்கும் தெரியாது.


பெப்ரவரி 1, வியாழன்

பனி குறைவு. புதுத் தவணை நேரசூசி ஒட்டினார்கள். சங்கீதம் வெள்ளிக்கு மாறிவிட்டது.

பின்னேரம் குசினியில் சண்டை என்று சொல்ல முடியாது. இரண்டு பேரும் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ல.மா. நாளைக்கே வைப்போம் என்றார். வெள்ளிக்கிழமை இறைச்சி வேண்டாம் என்று அம்மா. அப்போ சனி. சனிக்கிழமை அண்ணை வந்தால்? அப்போ ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை அண்ணை வந்தால்?

"உன்ரை அண்ணை பதினேழு வருஷம் வராத ஆள். நான் சட்டியை மூடுற நேரம் பாத்தோ வரப்போறார்?" என்று ல.மா. கேட்டார்.

அம்மா வெங்காயம் உரித்தார். கண்ணில் தண்ணீர். வெங்காயமா வேறா என்று எனக்குத் தெரியவில்லை. நான்தான் இடையில் புகுந்தேன். (புகுந்திருக்கக் கூடாது என்று சனிக்கிழமைக்குப் பிறகு நினைக்கிறேன். இந்த வரி பிறகு சேர்த்தது.)

அலுமாரிக் கதவின் உட்பக்கம் அம்மா ஒரு நாட்காட்டி மாட்டியிருக்கிறார். திதி, நட்சத்திரம், இராகுகாலம் எல்லாம் இருக்கும் நாட்காட்டி. கலியாணக் காட் கொடுக்க எந்த நாள் ஆகாது என்று அம்மாவிடம் கேட்டேன். அட்டமி, நவமி, செவ்வாய் என்றார். மாமா அதெல்லாம் பார்ப்பாரா? "நகம் வெட்டவும் நாள் பாக்கிறவர்."

பார்த்தேன். சனி அட்டமி. ஞாயிறு நவமி. திங்கள் தசமி, நல்ல நாள். ஆகவே சனிக்கிழமை பன்றி வைக்கலாம். மணம் போக ஞாயிறு முழுக்க இருக்கிறது. திங்கள் மாமா வரலாம்.

ல.மா. என்னைக் கட்டிப்பிடித்தார். அப்பா, கணக்குக்கு நூறு புள்ளி என்றார். அம்மா நாட்காட்டியைத் தானும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஓம், அட்டமியிலை அண்ணை படலை திறவார்" என்றார்.

பெருமையாக இருந்தது.


பெப்ரவரி 2, வெள்ளி

வெயில். அப்பா வேலை செய்யும் கூட்டுறவுச் சங்கக் கடையிலிருந்து பிளக் மாற்றிகள் இரண்டு கொண்டுவந்தார். இரண்டாவது பொருந்தியது. முதலில் வெறும் தண்ணீர் ஊற்றிச் சோதித்தோம். ஒரு சத்தமும் இல்லை. சின்னச் சிவப்பு வெளிச்சம் மட்டும். ஒரு மணித்தியாலம் கழித்துத் தொட்டால் இளஞ்சூடு. இதில் எப்படி இறைச்சி அவியும்?

எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. பின்பத்தியில் கரண்ட் இல்லை. குசினிக்குள் வராது. கடைசியில் பின் விறாந்தையில் பழைய மேசை. அது குசினியும் இல்லை, பத்தியும் இல்லை. அம்மா தலையாட்டினார்.

விஞ்ஞான ரீச்சரிடம் கேட்டேன். தோள் அதிகம் வேலை செய்யும் தசை, இணைப்பிழையம் கூட, அதில் கொலாஜன், மெல்லிய சூட்டில் நெடுநேரம் இருந்தால் அது ஜெலற்றின் ஆகும் என்றார். பிறகு, ஏன் கேட்கிறாய் என்றார். வீட்டுக்காக என்றேன். என்ன இறைச்சி என்றார். தோள் என்றேன்.


பெப்ரவரி 3, சனி. அட்டமி

நேர வரிசையில் எழுதினால் குழம்பாது என்று நினைக்கிறேன்.

5.15. அப்பா இளவாலைப் பக்கம் போனார். அங்கே சனிக்கிழமை பன்றி அடித்துப் பங்கு போடுவார்கள். ஒவ்வொரு பங்கிலும் எல்லாப் பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், ஆளுக்கொரு பனையோலைப் பறி. தோள் மட்டும் முழுசாக வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லையாம். "தோளை உங்களுக்குத் தந்தால் மற்றப் பங்குக்கு நான் தோளுக்கு எங்கை போறது?" என்று வெட்டுகிறவர் கேட்டிருக்கிறார். அக்கா லண்டனிலிருந்து வந்திருக்கிறா என்று அப்பா சொல்ல, வரிசையில் நின்ற ஒருவர், லண்டன் பன்றிக்குத் தோள் மட்டும்தானோ என்றாராம். எல்லாரும் சிரித்து, கடைசியில் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அப்பா பேணியில் பால் வாங்கி வருகிற மாதிரிக் கவனமாக அந்தப் பறியைக் கொண்டுவந்தார். அப்படியே வேலைக்குப் போய்விட்டார்.

6.40. ல.மா. உப்பு, மிளகு, உள்ளி, சீனி தேய்த்தார். அடியில் வெங்காயம். வினாகிரி. அப்பிள் சாறு வேண்டுமாம். இல்லை. நெல்லிக் கிறஷ் பானம் ஊற்றினோம்.

அம்மா குசினி வாசலைத் தாண்டாமல் நின்று பார்த்தார். "தூள் போடுறேல்லையோ?" என்றார். இதற்குத் தூள் தேவையில்லை என்று ல.மா. சொல்லிவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். அம்மா உள்ளே போய், தான் வறுத்து இடித்து வைத்திருக்கும் கறித்தூள் பேணியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"நீ போடு. ரெண்டு கரண்டி. குவிச்சு."

போட்டேன். ஏன் அவரே போடவில்லை? இறைச்சியைத் தொடாமல் தூவலாமே. கேட்பதற்குள் உள்ளே போய்விட்டார். ல.மா. வரும் சத்தம். மூடினேன்.

7.10. குமிழ் 'குறைவு'. மூடியைத் திறக்கக் கூடாது என்பது ல.மா.வின் கட்டளை. ஒரு தரம் திறந்தால் அரை மணித்தியாலம் நட்டம்.

8.10. ஒன்றும் நடக்கவில்லை.

9.10. கண்ணாடியில் ஆவி.

10.55. கரண்ட் போனது. ல.மா. போர்வை கொண்டுவந்து சட்டியைச் சுற்றினார், குழந்தைக்குக் காய்ச்சல் மாதிரி.

12.10. வந்தது. ஒன்றேகால் மணித்தியாலம் கூட்ட வேண்டும். 4.25க்கு முடியும்.

1.00. மணம். முதலில் உள்ளி, பிறகு நெல்லி, பிறகு எல்லாவற்றையும் அமத்திக்கொண்டு அம்மாவின் தூள். ல.மா. சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நான் வரலாற்றுப் புத்தகத்தோடு சட்டிக்குக் காவல்.

2.20. மோட்டர் சைக்கிள் சத்தம். படலையில் நிற்காமல் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தது. இடுப்பில் சாரம், நீலச் சேட், உயரமான ஆள். அம்மாவின் மூக்கு அந்த முகத்தில் இருந்தது. எழும்பி நின்றேன். புத்தகம் விழுந்தது.

அம்மாவின் பெயரைச் சொல்லி, சாந்தி நிற்கிறாவோ என்று கேட்டார். தலையாட்டினேன். என் பெயரைக் கேட்டார்.

"ரூத்."

"ரூத்து" என்று சொல்லிப் பார்த்தார். "நல்ல பேர். சின்னப் பேர்."

அம்மா ஈரக் கையோடு வந்தார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினேழு வருடத்துக்குப் பிறகு அம்மா அவருக்குச் சொன்ன முதல் வார்த்தை இது. எழுதி வைக்க வேண்டும்:

"அண்ணை, இண்டைக்கு அட்டமி."

"தெரியும். அதுதான் வந்தனான்."

என் கணக்கு பிழையில்லை. நாட்காட்டியும் பிழையில்லை. ஆனாலும் வந்துவிட்டார்.

முன்னுக்கு வாங்கோ என்று அம்மா கூப்பிட்டார். றோட்டிலிருந்து தெரியாத இடம் போதும் என்று மாமா சுவரோரம் கிடந்த மர வாங்கில் இருந்தார். அந்த வாங்கு சட்டிக்கு நேர் எதிரே. மணம் அவர் முகத்தில் அடித்திருக்கும். நான் மேசைக்கு முன்னால் போய் நின்றேன், மறைக்கலாம் என்று. மணத்தை எப்படி மறைப்பது?

சுற்றி வளைக்காமல் சொன்னார். "திங்கக்கிழமை உன்ரை மச்சாளோடை காட் கொண்டு வாறன். அண்டைக்கு நீ அழக்கூடாது. நீ அழுதால் நானும் அழுதிடுவன். அவளுக்கு முன்னாலை எனக்கு ஏலாது. அழுறதெண்டால் இண்டைக்கு அழு. அட்டமியிலை வந்தது வந்ததாகாது."

அம்மா அழவில்லை. உள்ளே போய்ப் புதுத் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். பேப்பர் இன்னும் ஒட்டியிருந்தது. மாமா ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறும் தம்ளரைத் திருப்பி நீட்டினார். அதை வாங்கும்போதுதான் அம்மா அழுதார். சத்தமில்லாமல், தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. மாமா அம்மாவைப் பார்க்கவில்லை. சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது என்ன பிள்ளை?" என்றார் என்னிடம்.

எல்லாம் சொன்னேன். குறைவு, கூட, கொலாஜன், ஜெலற்றின், கரண்ட் நின்ற நேரம். உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவரும் அதைக் கேட்கவில்லை. எவ்வளவு கரண்ட் இழுக்கும், தோட்டத்து மோட்டரை விடக் கூடவோ குறைவோ, பீங்கான் வெடிக்காதோ, இதையெல்லாம் கேட்டார். போட்டு வாறன் என்றும் சொன்னார். எழும்பவில்லை. இன்னும் இரண்டு தரம் சொன்னார். எழும்பவில்லை.

இடையில் ல.மா. எழும்பி வந்தார். மாமாவைக் கரண்ட் வேலைக்கு அப்பா அனுப்பிய ஆள் என்று நினைத்து, இந்தப் பிளக்கையும் ஒருக்காப் பார்த்துவிடு தம்பி என்றார். மாமா குனிந்து பார்த்து, இறுக்கிவிட்டார். அம்மா சொல்ல வாயெடுத்தார். மாமா கண்ணால் வேண்டாம் என்றார்.

4.10. அப்பா வந்தார். அப்படியே நின்றார். மாமாவை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "வாங்கோ, வாங்கோ" என்றே நாலைந்து தரம் சொன்னார். இருந்த ஆளை வாங்கோ என்றால் என்ன செய்வது? மாமா எழும்பித் திரும்ப இருந்தார்.

4.25. மூடி திறந்தது. ஆவி. ல.மா. எலும்பைப் பிடித்து இழுத்தார். வெள்ளையாக, சுத்தமாக, சத்தமில்லாமல் வந்தது. இரண்டு முள்ளுக்கரண்டியால் அவர் கிழிக்கக் கிழிக்க இறைச்சி தும்பு தும்பாகப் பிரிந்தது.

மாமா எழும்பவில்லை.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணை, உங்களுக்கு நான் முட்டை பொரிக்கிறன். உது வந்து..."

"பேரைச் சொல்லாதை" என்றார் மாமா. "போடு."

அம்மா அலுமாரியைத் திறந்து புதுத் தட்டை எடுத்தார். இறைச்சி மணமே படக்கூடாது என்று வைத்திருந்த தட்டு. பாண் வைத்து, தன் கையால், ல.மா.விடம் கரண்டி வாங்கி, அதில் போட்டார். அம்மா பன்றி பரிமாறியதை இன்றுதான் கண்டேன்.

மாமா பாணைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டார். மெதுவாக. உறைப்பு நல்லாயிருக்கிறது என்றார். ல.மா.வின் முகம் மலர்ந்தது. நான் நிலத்தைப் பார்த்தேன்.

"உப்புத்தான் குறைவு. நீ உப்புப் பாக்கேல்லையோ?"

"நான் தின்னுறேல்லை, அண்ணை."

"எப்ப துவக்கம்?"

"எப்பவும்."

பாண் துண்டு கையில் அப்படியே நின்றது. அம்மாவைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு அப்பாவை. அப்பா ஏதோ குற்றம் செய்தவர் மாதிரித் தலையைச் சொறிந்தார். மாமா மிச்சம் முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தானே கழுவினார். அம்மா பின்னால் ஓடினார். கொடுக்கவில்லை.

5.05. போகும்போது என்னிடம்: "நான் வரேல்லை, என்ன?"

"ஓம் மாமா."

ஒருவரைப் பார்த்து மாமா என்று சொன்னது இதுதான் முதல் தரம்.

நாட்காட்டி பார்த்தேன். அட்டமி முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

(நானும் சாப்பிட்டேன். மெத்து மெத்தென்று. உப்புக் குறைவுதான்.)


பெப்ரவரி 4, ஞாயிறு

வெயில், காற்று. ஆராதனையில் கவனமில்லை. பொய் சொல்லக் கூடாது என்று சின்ன வகுப்பிலிருந்து படிக்கிறோம். நான் இன்னும் பொய் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டி வரலாம். முதலே தெரிந்துகொண்டு சொல்லும் பொய் கூடப் பாவமா, அல்லது சொல்லச் சொன்னவருக்குப் பாதி போகுமா? போதகரிடம் கேட்கலாம். கேட்டால் மாமா வந்ததைச் சொல்ல வேண்டும்.

விளங்காதவை:

மாமா நேற்று வந்தார். வரவில்லை.

பதினேழு வருடமாக மாமா எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை, ஏனென்றால் எங்கள் வீடு இப்படி. ஆனால் இந்த வீட்டில் அம்மா தின்னாததை மாமாதான் தின்றார். அப்படியென்றால் யாருக்காக யார் விட்டிருந்தார்கள்?

நான் இவ்வளவு நாளும், மாமா வந்தால் நான் தொடவில்லை என்று சொல்வதற்காகத்தான் அம்மா பன்றி தின்னாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். இன்று கேட்டேன். "பிடிக்கேல்லை. மணம் பிடிக்காது. அவ்வளவுதான்" என்றார். அப்பாவிடம் கேட்டேன். அம்மா என்ன சொன்னா என்று கேட்டார். சொன்னேன். அப்போ அதுதான் என்றார். இரண்டு பேரும் உண்மை சொல்கிறார்களா தெரியவில்லை.

ஆராதனை முடிந்து ல.மா. ஐந்தாறு பேருக்குச் செய்முறை சொன்னார். லண்டன் முறை, தூளே வேண்டாம், பார்த்தால் நல்ல சிவப்பு வரும் என்றார். எப்படி வரும் என்று ஒருவர் கேட்டார். அது மெசினின் குணம் என்றார். அம்மா பக்கத்தில் நின்று புன்னகைத்தார். எனக்கு இருமல் வந்தது.

நேற்று வந்தவர் யார் என்று ல.மா.வுக்கு அப்பா வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார். அம்மா அண்ணை அண்ணை என்றதை அவர் மரியாதைக்கு என்று நினைத்திருக்கிறார். நடு றோட்டில் நின்றுவிட்டார். "நான் அந்த மனுசனைக் கொண்டெல்லோ பிளக் இறுக்குவிச்சனான்."

பின்னேரம் துப்புரவு. விறாந்தை கழுவினோம், தேசிக்காய்த் தோல் போட்டு. யன்னல் சீலை துவைத்தோம். ஸ்லோ குக்கரைக் கழுவி, பின்பத்தியில் அப்பாவின் பன்றிச் சட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்தேன். தம்ளரின் பேப்பர் நேற்றே கழன்றுவிட்டது. மற்ற மூன்றினதையும் அம்மா உரித்தார், நாலும் ஒரே மாதிரி இருக்க.

கட்டுரை இன்னும் எழுதவில்லை.


பெப்ரவரி 5, திங்கள்

பள்ளிக்கூடத்தால் வந்து சட்டை மாற்றுவதற்குள் வான் வண்டிச் சத்தம். இன்று படலையில் நின்றது. கோர்ன் அடித்தார்கள். அயலெல்லாம் எட்டிப் பார்த்தது.

மாமா வேட்டி, சால்வை, நெற்றியில் திருநீறு. வேறு ஆள். புத்தூர் மாமி (மாமாவின் மனைவி) பட்டுச் சேலை, கையில் தட்டம். அம்மா படலைவரை போனார். முகம் கல்லு மாதிரி. அழவில்லை.

முன் விறாந்தையில் கதிரைகள். மாமா வீட்டைச் சுற்றிப் பார்த்து, "முதன் முதல் வாறம், இடம் தெரியாமல் சந்தியிலை ஒருக்கா விசாரிச்சுத்தான் வந்தனாங்கள்" என்றார். ஒரு சொல்லும் தடக்கவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்தேன். நேற்று முன்தினம் இந்த முகம்தானா என்று சந்தேகம் வந்தது.

மாமி குங்குமச் சிமிழை நீட்டினார். பாதியில் கை நின்றது. கொடுக்கலாமா வேண்டாமா என்று அவருக்கும் தெரியவில்லை. அம்மா தானே விரலை விட்டுத் தொட்டார். நெற்றியில் வைக்கவில்லை, துடைக்கவும் இல்லை. அவர்கள் போகும்வரை அந்த விரல் சிவப்பாகவே இருந்தது.

அழைப்புக் காட்டில் அப்பாவின் பெயர், கீழே குடும்பத்தினர். மாமாவின் கையெழுத்து. அப்பா இரண்டு கையாலும் வாங்கினார்.

பிறகு மாமா என்னைப் பார்த்தார்.

"பிள்ளையின்ரை பேர் என்ன?"

எனக்குத் தெரியும், இது வரும் என்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரூத்."

"நல்ல பேர்" என்றார். "சின்னப் பேர்."

அதே இரண்டு வசனம். அதே குரல். பெயர் சொல்வது பொய்யில்லை. ஆனால் ஏதோ பொய் சொன்ன மாதிரித்தான் இருந்தது.

இந்த நேரம் பார்த்து ல.மா. உள்ளேயிருந்து வந்தார். அவர் கையைக் கூப்பி, மிக உரத்து, "வாங்கோ. உங்களை நான் இதுக்கு முதல் ஒருநாளும் கண்டதேயில்லை" என்றார். ஒருவரும் கேட்கவில்லையே. மாமா இருமினார். அப்பா தேத்தண்ணீர் எங்கே என்று குசினிப் பக்கம் கூப்பிட்டார். அம்மா அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

தேத்தண்ணீர் நான் ஊற்றினேன். மாமா பாதி குடித்தார். மாமி முழுக்கக் குடித்துவிட்டு, தம்ளரை வைக்கிற சாட்டில் என் பின்னால் குசினிக்கு வந்தார். சுற்றிப் பார்த்தார். தூள் பேணி சுவர்த் தட்டில் திறந்தபடி. கிட்டப் போய் மணந்தார்.

"இது எங்கடை வீட்டுத் தூள் பதம்" என்றார் மெதுவாக. "சனிக்கிழமை இவர் வீட்டை வரேக்கை சேட்டிலை இந்த மணம். நான் கேக்கேல்லை. நீயும் சொல்லிப்போடாதை, என்ன?"

"ஓம் மாமி" என்றேன்.

பேணியை மூடிவிட்டு முன்னுக்குப் போய், ஒன்றும் நடக்காத மாதிரி மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

ஆகவே: மாமா வந்ததை நான் மாமிக்குச் சொல்லக் கூடாது. மாமிக்குத் தெரியும் என்பதை மாமாவுக்குச் சொல்லக் கூடாது. தூள் போட்டதை ல.மா.வுக்குச் சொல்லக் கூடாது. ஒருவரும் என்னை ஏமாற்றவில்லை. எல்லாரும் என்னிடம்தான் உண்மை சொல்கிறார்கள். அதுதான் தலை சுற்றுகிறது. சேட்டில் தூள் மட்டும்தான் மணந்ததா, மற்றதும் மணந்ததா என்று மாமி சொல்லவில்லை. கேட்கவா முடியும்?

போகும்போது அம்மா நிமிர்ந்து நின்றார். அழவேயில்லை. மாமாதான் படலையில் நின்று சால்வையால் கண்ணை ஒற்றினார். தூசி என்றார். மாமி அவரைப் பார்க்காமலே கைக்குட்டையை நீட்டினார்.

வான் திரும்பும்வரை அம்மா கையைக் காட்டிக்கொண்டு நின்றார். சிவப்பு விரல்.


பெப்ரவரி 6, செவ்வாய்

வானம் மப்பு. மழை வரவில்லை. கட்டுரை கொடுக்கவில்லை, ரீச்சர் ஏசினார். நியாயம்.

காலை ல.மா. போனார். வான்காரர் பெட்டியை ஏற்றும்போது ஸ்லோ குக்கரை என்ன செய்வது என்ற கதை வந்தது. திருப்பிக் கொண்டுபோக இடமில்லை, இங்கேயே இருக்கட்டும், தம்பி வைத்துச் சாப்பிடட்டும் என்றார். என் காதுக்குள்: "அடுத்த முறை உப்பைக் கூட்டு. உன்ரை அம்மாவின்ரை தூளையும் விடாதை." எப்போதிருந்து தெரியும்? சிரித்துக்கொண்டு ஏறிவிட்டார்.

பள்ளிக்கூடத்தால் வந்து பத்தியில் பார்த்தேன். அப்பாவின் சட்டி மட்டும் இருந்தது. பக்கத்தில் வட்டமாகத் தூசியில்லாத இடம். களவு போய்விட்டதோ என்று குசினிக்கு ஓடினேன். ஸ்லோ குக்கர் அங்கே, காஸ் அடுப்புக்குப் பக்கத்தில், துடைத்து, வயர் சுற்றி, மேலே துணி போட்டு. அம்மா பருப்புத் தெரிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் சட்டியைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, பருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்:

"பிள்ளை, அடுத்த அட்டமி எப்ப எண்டு ஒருக்காப் பார்."

அலுமாரியைத் திறந்து பார்த்தேன். பதினாறாம் திகதி. இரண்டு தரம் பார்த்தேன், மூன்றாம் தரம் விரல் வைத்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை.

அம்மா இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார்.